மூன்றாமவருக்குப் புதுப் பெயர்

வள்ளியின் கை இடது தோள் வரை வந்து நின்றுவிட்டது.

ஞாயிறு காலைப் பூசை. எங்கள் மாதா கோயிலில் அப்போது பெஞ்சு கிடையாது. சிமெண்டுத் தரையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதிதாக மாற்றலாகி வந்திருந்த இளம் சாமியார் ஒரு தாளைப் பிரித்து வாசித்தார். சிலுவை அடையாளம் போடும்போது இனிமேல் ‘இஸ்பிரித்து சாந்து’ என்று சொல்ல வேண்டாம், அது போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல், ‘பரிசுத்த ஆவி’ என்று நல்ல தமிழில் சொல்வோம் என்றார். தாளை மடித்துவிட்டு அவரே தொடங்கினார்.

கிறிஸ்தவரல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நெற்றியைத் தொட்டுப் பிதா என்போம். நெஞ்சைத் தொட்டுச் சுதன் என்போம். இடது தோளிலிருந்து வலது தோளுக்குக் கை போகும்போது மூன்றாமவரின் பெயர் வரும். கடவுள் ஒருவரே, ஆனால் மூவர் என்பது எங்கள் விசுவாசம். அதைத்தான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை உடம்பில் எழுதிக்கொள்கிறோம்.

அன்றைக்குப் பிதா அப்படியே இருந்தார். சுதனும் அப்படியே இருந்தார். மூன்றாமவருக்கு மட்டும் பெயர் மாறியது. கூட்டம் தடுமாறிக்கொண்டே புதுப்பெயரைச் சொல்லி முடித்தது. பெண்கள் பக்கத்தில் என் மனைவி வள்ளி மட்டும் கையை இடது தோளில் வைத்தபடி நின்றாள். பிறகு அந்தக் கையாலேயே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிசிறு வெட்ட வந்தவள்

வள்ளி திருப்பூரை ஒட்டிய மண்ணரைக்காரி. தறிக் குடும்பம். அவள் அப்பா பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்தே போய்க் காவடி எடுப்பவர். முருகனுக்கு வாழ்க்கைப்பட்டவளின் பெயரையே மகளுக்கு வைத்தவர். தறியில் வேலை குறைந்த காலத்தில் வள்ளி எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்தாள். தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலைக் கத்திரியால் நறுக்கும் வேலை. பிசிறு வெட்டுவது என்போம்.

நான் காலண்டர் மிசினில் இருந்தேன். நீராவி பட்டு, உருளைகளுக்கு நடுவே ஓடி, பனியன் துணி சுருக்கம் நீங்கிச் சூடாக வெளியே வரும். மழைக்காலத்தில் பெண்கள் அந்தத் துணி அடுக்கின் மேல் கை வைத்துக் குளிர் காய வருவார்கள். வள்ளியும் வந்தாள். மற்றவர்கள் போன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. எங்கள் காதல் கதை அவ்வளவுதான். இதற்கு மேல் எழுதினால் இப்போதும் திட்டுவாள். வாராவாரம் நான் எழுதுவதை எங்கள் மகள் அவளுக்கு வாசித்துக் காட்டிவிடுகிறாள்.

நான் குண்டடம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா அம்மா இருவரும் நான் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார்கள். எங்களைச் சேர்த்துவைக்க என் பக்கம் ஆளில்லை. தடுக்க அவள் பக்கம் நிறையப் பேர் இருந்தார்கள். கடைசியில் அவள் கட்டிய புடவையோடு வந்தாள். அவள் அப்பா வாய்க்காலில் இறங்கித் தலை முழுகிவிட்டுப் போனார் என்று பின்னால் கேள்விப்பட்டோம். அண்ணன்மார் இருவரும் அந்தத் தெருப்பக்கமே வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மண்ணரைக்கும் நாங்கள் குடியிருந்த வேலம்பாளையத்துக்கும் சைக்கிளில் போய்விடுகிற தூரம்தான். அந்தத் தூரத்தை அவள் கடக்கவே இல்லை.

ஒரு வேலைக்கு மூணு ஆளுங்களா?

கல்யாணத்துக்கு முன் அவள் ஞானோபதேசம் படிக்க வேண்டியிருந்தது. எங்கள் உபதேசியார் சவரிமுத்து வயசானவர், மூக்குப்பொடி போடுபவர், கோபமே வராதவர். கோயில் வேப்ப மரத்தடியில் பாடம் நடக்கும். நானும் துணைக்குப் போய் உட்காருவேன்.

கடவுள் ஒருவர், அவரில் மூன்று ஆட்கள் என்று உபதேசியார் தொடங்கினார். எங்கள் கம்பெனியில் ஆள் என்றால் வேலையாள். வள்ளி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“ஏனுங்க, ஒரு வேலைக்கு மூணு ஆளுங்களா?”

உபதேசியார் பொடியைத் தட்டிவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு, ஆனால் யாரும் தனியாகச் செய்ய மாட்டார்கள் என்றார். படைத்தது பிதா, மீட்டது சுதன். மூன்றாமவர்தான் இஸ்பிரித்து சாந்து. அந்தப் பெயரைக் கேட்டதும் வள்ளிக்கு முகம் மலர்ந்தது. நெற்றிக்கு வைக்கிற சாந்துதானே என்று கேட்டாள். உபதேசியார் சிரித்த சிரிப்பில் பொடி டப்பா மண்ணில் விழுந்தது. அது பரதேசிப் பாஷை, பொட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினார். அப்படியானால் அவருக்கு என்னதான் வேலை என்று அவள் விடவில்லை. கூடவே இருக்கிறதுதான் அவர் வேலை, அழுகிறவர்களைத் தேற்றுகிறதுதான் அவர் வேலை என்றார் அவர்.

வள்ளி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஞானஸ்நானத்தில் அவளுக்கு வேறு பெயர் வைத்தார்கள். நான் உட்பட யாரும் அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை.

இந்த மூவர் விஷயத்தில் என் அறிவும் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா முகம் நினைவில்லாதவன் என்பதாலோ என்னவோ, நான் எப்போதும் பிதாவைத்தான் கூப்பிடுவேன். மிசின் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான். மகள் சகாயம் சின்னதிலிருந்தே சுதனாகிய சேசுவிடம் பேசுவாள், பள்ளிக்கூடத்துச் சண்டை உட்பட. வள்ளி யாரிடம் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடினால் அவள் உதடு அசையும், சத்தம் வராது. ஒரு சிம்னி விளக்கைச் சுற்றி ஒரே செபத்தைச் சொல்லிக்கொண்டு, ஆளுக்கொருவரைக் கூப்பிட்டுக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டோம்.

சாமியார் வரைந்த முக்கோணம்

புதுப் பெயர் வந்த மறுநாள் காலை செபத்தில் வள்ளி கைகூப்பி உட்கார்ந்தாள். சிலுவை போடவில்லை. அடுத்த நாளும் இல்லை. கேட்டதற்கு, வாயில் வரமாட்டேன் என்கிறது என்றாள். சகாயம் சிரித்துவிட்டாள். வள்ளி சிரிக்கவில்லை.

ஆவி என்ற சொல்தான் அவளைத் தடுத்தது. அவளுக்கு எட்டு வயசிருக்கும்போது மண்ணரையில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திக்கு ஆவி பிடித்துவிட்டது என்று சொல்லி, தலைமயிரை மரத்தில் கட்டி வேப்பங்குழையால் அடித்தார்களாம். அந்தச் சத்தம் அவள் காதில் இன்னும் இருந்தது. அந்தச் சொல்லை எப்படிச் சாமியின் பெயராகச் சொல்வது என்று கேட்டாள்.

நான் எனக்குத் தெரிந்த வழியில் முயன்றேன். எங்கள் மிசினில் வருவதும் ஆவிதான், அது சுருக்கத்தை நீக்குகிறது. இட்லி வேகிறதும் ஆவியில்தான் என்றேன்.

“அப்ப இட்லிக் குண்டாவுக்கு முன்னால முட்டி போடட்டுங்களா?” என்றாள்.

மற்ற குடும்பங்களிலும் குழப்பம் இருந்திருக்க வேண்டும். சாமியார் ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் எல்லோரையும் இருக்கச் சொல்லிவிட்டுக் கரும்பலகை கொண்டுவந்து வைத்தார். திருநெல்வேலிச் சீமைக்காரர், நன்றாகப் படித்தவர், எதையும் புரியவைத்துவிட வேண்டும் என்ற துடிப்பு உள்ளவர். சிவப்புச் சாக்கட்டியால் தலைகீழாக ஒரு முக்கோணம் வரைந்தார். மேலே இரண்டு முனைகளில் பிதா, சுதன். கீழ்முனையில் பரிசுத்த ஆவி.

பெண்கள் பக்கம் கசமுசவென்றது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வருஷங்களில் திருப்பூரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் எழுதாத சுவரே கிடையாது. சாமியாருக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. பிடிபட்டதும் காது வரை சிவந்து, துணியால் அவசரமாகத் துடைத்தார். நல்ல மனுஷர். அவரும் சிரித்துவிட்டார்.

வள்ளியும் அன்று சிரித்தாள். ஆனால் நன்மை வாங்க, அதாவது நற்கருணை அப்பம் வாங்க, எழுந்து போகவில்லை.

குழாயடிப் பேச்சு

கோடையில் எங்கள் மறைமாவட்ட ஆயர், அதாவது பிஷப், வருவதாக இருந்தது. சகாயத்துக்கு உறுதிபூசுதல். பரிசுத்த ஆவியைப் பெற்றுக்கொள்கிற அருட்சாதனம் அது. சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தாய் சிலுவை கூடப் போடாமல் இருக்க மகள் அதை வாங்கினால் நன்றாக இருக்குமா என்று மெல்லக் கேட்டார். கண்டிப்பாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

அதற்குள் எங்கள் லைன் வீட்டுக் குழாயடியில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. வள்ளி மனசு மாறிவிட்டாள், மறுபடி முருகனுக்கே போகப் போகிறாள் என்று. கம்பெனியில் ஒருவன் என்னிடமே அதைக் கேட்டான்.

நான் உள்ளுக்குள் கலங்கிப் போயிருந்தேன். முருகனுக்குப் போவதைப் பற்றி எனக்குப் பயமில்லை. என்னைக் கட்டியதற்காக அவள் அப்பாவை விட்டாள், அம்மாவை விட்டாள், தெருவை விட்டாள், சாமியை விட்டாள். இத்தனைக்கும் ஈடாக நான் என்ன கொடுத்தேன்? பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் கணக்குப் பார்த்து, இது வேண்டாம் என்று அவள் முடிவு செய்துவிட்டால் என்ன செய்வது? அந்தக் கேள்வியை அவளிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. காலண்டர் மிசின் முன் நின்று பிதாவிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரவிடுமுறை நாளில் அவளே சொன்னாள். சகாயத்தின் புதுப் பாவாடைக்குக் கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் பேசினாள்.

“பிதாவும் சுதனும் உங்க பக்கத்து ஒறம்பரைங்க. நீங்கதான் கூட்டியாந்து காட்டுனீங்க. நானும் மரியாதையாத்தான் இருக்கறேன். எம்பக்கமுன்னு ஒருத்தராவது வேணுமில்லீங்களா?”

ஒறம்பரை என்றால் உறவுக்காரர். அது தெரிந்தும் அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை. அவள் ஊசியை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். உபதேசியார் எவ்வளவு சொல்லியும் அவளுக்குச் சாந்து சாந்தாகவே நின்றுவிட்டது. நெற்றியில் சாந்து வைத்த ஒரு பெண். கூடவே இருப்பவள், அழுதால் தேற்றுபவள். பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கென்று வந்தவள். மனசுக்குள் ‘சாந்தம்மா’ என்று கூப்பிட்டு வந்திருக்கிறாள்.

சகாயம் பிறந்த கதையையும் அன்றுதான் கேட்டேன். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். வள்ளிக்கு அது இல்லை. வலி கண்டபோது நான் கம்பெனியில் இருந்தேன். பகல் முழுக்க அவள் சாந்தம்மா, சாந்தம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள். அப்போது முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து உட்கார்ந்து தாங்கிக்கொண்டது போலிருந்ததாம்.

“அவளுக்குத்தானுங்க பேரை மாத்திப் போட்டாங்க. புதுப் பேர்ல கூப்பிட்டா அவ வருவாளான்னு எனக்குத் தெரியலீங்க.”

அடுத்த ஊசி என் கையில் இருந்தது. நூலை அதன் காதில் நுழைக்க எனக்குக் கண் தெரியவில்லை.

இசக்கியம்மாளின் வீடு

உறுதிபூசுதலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, எங்கள் வரிசையில் நாலாவது வீட்டு இசக்கியம்மாளுக்கு வலி எடுத்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த இளம் ஜோடி. புருஷன் சலவைப் பட்டறையில் வேலை. அவளுக்குப் பத்தொன்பது, இருபது வயசுதான். ஊருக்குப் போய்ப் பெறுவதாக இருந்தாள், மூன்று வாரம் முந்திக்கொண்டது. காலையில் ஷிப்டுக்குக் கிளம்பியவளை யாரோ வந்து கூப்பிட, வள்ளி கூடையைக் கீழே வைத்துவிட்டு அங்கே போனாள்.

மருத்துவச்சி வர மதியமாகிவிட்டது. அதுவரைக்கும் வள்ளிதான். நான் வேலை முடிந்து வந்தபோது ஆண் குழந்தை பிறந்து, இசக்கியம்மாளின் புருஷன் யாரைப் பார்த்தாலும் கைகூப்பிக்கொண்டிருந்தான். வள்ளி எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்கைக்கு மேல் அந்தப் பெண்ணின் நகம் பதிந்து நாலு பிறைகள் சிவந்திருந்தன.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சொன்னாள். இசக்கி பயந்து போய் அம்மாவைக் கூப்பிட்டு அலறியிருக்கிறாள். வள்ளி அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடித்து, தன் மேல் சாய்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் முடிந்து குழந்தையைத் துடைத்துக் கொடுத்த பிறகு அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்:

“யக்கா, எங் காதுக்குள்ள யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருந்தீயளே, அது யாரு? கேக்கக் கேக்க எனக்குப் பயமே இல்லாமப் போச்சு.”

தான் கூப்பிட்டதே வள்ளிக்குத் தெரியாது.

“ஏனுங்க, நம்ம சகாயம் பொறந்தப்போ எம்முதுகைப் புடிச்சுட்டிருந்தது யாரு தெரியுங்களா? பக்கத்து ஊட்டு ராமாத்தாக்கா. எனக்குத் தெரியாமயா இருந்துச்சு? தெரியும். இருந்தாலும் சாந்தம்மாதான் வந்தான்னு நெனச்சுட்டே இருந்தனுங்க.” கையிலிருந்த நகக் குறிகளைத் தடவினாள். “இன்னிக்கு அந்தப் புள்ளைக்கு நான் போயி உக்காந்தேன். சாந்தம்மாவுக்குன்னு ஒடம்பு ஏதுங்க? யாரு ஒடம்புலயாச்சும்தான வரோணும். அப்ப ஆவின்னு சொல்றதும் சரிதானுங்க.”

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். என் வீட்டு வாசற்படியில் இப்படி ஒன்றைக் கேட்பேன் என்று நினைத்ததில்லை.

அவள் எழுந்து, கால் கழுவி, விளக்கை ஏற்றினாள். நெற்றியைத் தொட்டாள், நெஞ்சைத் தொட்டாள். இடது தோளில் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு புதுப்பெயரைச் சொல்லிக்கொண்டு வலது தோளுக்குப் போனது.

சாமியாரிடம் ஒரு சம்மதம்

மறுபடி சிலுவை போடுகிறேன் என்று சாமியாரிடம் அவளே போய்ச் சொன்னாள். நான் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாந்தம்மா என்ற பெயரைச் சொல்லாதே என்று எச்சரித்துத்தான் கூட்டிப்போனேன். உள்ளே போனதும் முதலில் அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

சாமியார் பழைய வேதத்தின் மூல பாஷையில் ஆவிக்கு உள்ள சொல் பெண்பால் சொல்தான் என்று, தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாராம். ஆனாலும் கோயிலில் அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோயிலில் கூப்பிட மாட்டேன் என்று வள்ளி ஒப்புக்கொண்டாள். வீட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

ஆயர் வந்த அன்று கோயில் முழுக்கத் தென்னங்குருத்துத் தோரணம். சகாயம் புதுப் பாவாடையில் வரிசையில் நின்றாள். ஆயர் அவள் நெற்றியில் தைலம் பூசினார். வள்ளி நன்மை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது ஆண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், நான் அழுகிறேனா என்று. அழுதுகொண்டுதான் இருந்தேன்.

திரும்பும்போது நடந்தே வந்தோம். சகாயம் தோழிகளோடு முன்னால் ஓடிவிட்டாள். சோளக்காட்டு ஓரமாக நாங்கள் இரண்டு பேர் மட்டும். இத்தனை மாதம் கேட்காமல் வைத்திருந்ததை அன்றுதான் கேட்டேன். என்னைக் கட்டிக்கொண்டதில் உனக்கு வருத்தம் உண்டா என்று.

அவள் இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். நாலு எட்டு நடந்துவிட்டுச் சொன்னாள்.

“இருக்குதுங்க. அப்பனை நெனச்சா இருக்குது, அம்மாளை நெனச்சா இருக்குது. உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்கன்னு இத்தன நாளாச் சொல்லலீங்க.” என் கையைப் பிடித்தாள். பகல் வெளிச்சத்தில், நடுப்பாதையில், அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. “அதைச் சொல்லி அழுகறதுக்கும் எனக்கு நீங்கதானுங்க இருக்கறீங்க.”

எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. வண்டிக்காரர்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.